சூட்டை அளந்த வீட்டுக்கு முதலில் சொல்

தினேஷ்,

வேலைக் கடிதத்தை நீ என்னிடம் நீட்டியபோது நான் படித்துவிட்டு "நல்லதுடா" என்று மட்டும் சொல்லி, கைப்பேசியைச் சார்ஜில் போடப் போய்விட்டேன். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் வேறொன்றும் சொல்ல வரவில்லை. அம்மா போன இந்தப் பதினோரு மாதமாக எனக்கு எல்லாமே இப்படித்தான் இருக்கிறது. சந்தோஷமோ துக்கமோ என்னிடம் வந்து சேர நேரம் பிடிக்கிறது, சில சமயம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அதற்காகக் கவலைப்படாதே. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை சட்டைகளைத் தேய்த்து அடுக்குகிறேன். நாள் ஓடுகிறது, மோசமாக ஓடவில்லை. நேற்று அந்தக் கடிதத்தை எடுத்து நிதானமாக மறுபடி படித்தேன். ஜொகூரில் வசதி குறைந்தவர்கள் வாழும் அடுக்குமாடிகளில் வெயிலும் வெள்ளமும் யாரை எப்படி அடிக்கின்றன என்று ஆராயும் ஒரு குழு. அந்த ஆய்வை ஒழுங்காக நடத்துவதும், கண்டுபிடித்ததை மக்களுக்கும் அதிகாரிகளுக்கும் எடுத்துச் சொல்வதும் உன் வேலை. உன் அம்மா ஈப்போவில் ஒன்பது வருஷம் பார்த்த அதே வேலை. அவள் பக்கத்தில் நான் கருவி பொருத்துகிறவனாக இருந்தேன். அங்கே நான் செய்த ஒரு தப்பைச் சொல்லாமல் உன்னை பஸ் ஏற்றிவிட எனக்கு மனம் இல்லை.

இதை உனக்கு மட்டும் எழுதி, மடித்து, உன் பையில் வைத்திருக்கலாம். ஆனால் அந்தத் தப்பு நாலு பேர் பார்க்க நடந்தது, அதில் கஷ்டப்பட்டவர்களும் நம் வீட்டு ஆட்கள் இல்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். உன்னைப்போல இந்த வேலைக்குப் போகிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

உன் அம்மா வேலை செய்த விதம் உனக்கு ஓரளவு தெரியும். நீதான் அவளுடைய முதல் வாசகன். உனக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். ஆய்வு முடிவை ஒரே பக்கத்தில் தமிழிலும் மலாயிலும் எழுதி, சாப்பாட்டு மேசையில் உன்னை உட்காரவைத்துப் படிக்கச் சொல்வாள். நீ சிலிபின் திடலுக்குப் பந்து விளையாட ஓடத் துடித்துக்கொண்டிருப்பாய். "படிச்சிட்டு போ. எங்க கொட்டாவி வருதோ அங்க பென்சில்ல ஒரு கோடு போடு, அவ்ளோதான்" என்பாள். ஒரு நாள் நீ கோபத்தில் பக்கம் முழுக்கக் கோடு போட்டுவிட்டாய். "எல்லாமே கொட்டாவியா லா?" என்று கேட்டாள். "தலைப்புலயே தூங்கிட்டேன்மா" என்றாய். சிரித்தாள், ஆனால் அதை விளையாட்டு என்று விட்டுவிடவில்லை. மறுநாள் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை திருப்பி எழுதினாள். "வெப்பப் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய குடும்பங்கள்" என்று இருந்த இடத்தில் "மேல்மாடியில் இருக்கிறவர்கள்" என்று வந்தது. அவளுக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. எந்த வீட்டில் அளந்தோமோ அந்த வீட்டுக்காரர் பார்க்காமல் ஓர் எண்கூட வெளியே போகக்கூடாது. குழுவை நடத்திய பேராசிரியர் அவசரப்படுத்தினாலும் சரி, நகர மன்றத்திலிருந்து கேட்டாலும் சரி, முதலில் படியேறிப் போய் அந்த வீட்டுக்காரரிடம் காட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். "அவங்க வீட்டு சூடுங்க அது. அவங்களே பாக்காதத நாம எப்படி ஊருக்கு காட்டுறது?" என்பாள். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் வீணாகிறதே என்று நான் முணுமுணுப்பேன். படித்தது எலக்ட்ரானிக்ஸ், பார்த்தது தொழிற்சாலையில் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. எண் சரியாக இருந்தால் போதும், அதை யார் முதலில் பார்த்தால் என்ன என்பதுதான் அப்போது என் எண்ணம்.

தப்பு நடந்த அந்த அடுக்குமாடி ப்ளாட்டை நீ வெளியிலிருந்து பார்த்திருக்கிறாய். ஈப்போவை விட்டுக் கொஞ்சம் வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் நிற்கிறது. தோட்டத்தை விற்றபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்களுக்கு மாற்று வீடாகக் கொடுத்தது. பிறகு மலாய்க் குடும்பங்களும் சீனக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. சாலைக்கு அந்தப் பக்கம், அதே தோட்டத்து நிலத்தில், கேட் போட்ட தாமான், வசதியானவர்களின் தனி வீட்டுக் குடியிருப்பு. வாசலில் காவலாளி, வீட்டுக்கு வீடு மரம், அறைக்கு அறை ஏர்கோன். இந்தப் பக்கம் ஐந்து மாடி பிளாக்குகள் சில, வெறும் கான்கிரீட் கூரை, பாதி நாள் ஓடாத லிஃப்ட். வெயில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் இந்தப் பக்கத்து மேல்மாடியில் மத்தியானம் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். பாயைத் தூக்கிக்கொண்டு வெளி நடைபாதைக்கு வந்து படிக்கட்டு ஓரமாகப் படுப்பார்கள். கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் உள்ளே சூடு குறையும் என்று எங்கள் குழு சொன்னது. நிரூபியுங்கள், இந்த வருஷமே செய்யப் பார்க்கிறோம் என்று மன்றத்தில் சொன்னார்கள். அந்தப் பூச்சு கிடைக்குமா கிடைக்காதா என்பது நான் எடுத்துக்கொடுக்கும் எண்ணில் இருந்தது.

இது இரண்டு வருஷத்துக்கு முந்தைய வெயில் காலம். நீ பினாங்கில் படித்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்குள் இருக்கும் சூட்டைத் தானாகப் பதிந்துகொள்ளும் வெள்ளைப் பெட்டிகள் வந்தன, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் நானே சுவரில் பொருத்த வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நான் போன அன்று லிஃப்ட் ஓடவில்லை. ஐந்து மாடியா என்று மலைத்து, கீழே பொது மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டேன். வந்தவர்களிடம் பெயர் எழுதி, ஆளுக்கு ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தேன். ஐந்தாம் மாடி மாரியக்காவை உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர், நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எங்க தம்பி வைக்கிறது?" என்றார்.

"யாரு கையும் படாத எடமா பாத்து வைங்கக்கா. சுத்தமா இருக்கணும். புள்ளைங்க எடுத்து வெளையாடக் கூடாது."

"அப்படி ஒரு எடம் இருக்கு. நான் பாத்துக்கிறேன், நீங்க கவலைய விடுங்க."

எல்லாருக்கும் இதையேதான் சொன்னேன். அரை நாளில் வேலை முடிந்தது. அன்று மாலை எனக்கு ஒரே பெருமை.

மூன்று வாரம் கழித்துப் பெட்டிகளைச் சேகரித்து வரைபடம் போட்டேன். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தினமும் காலை ஆறு மணி வாக்கில் ஓர் ஏற்றம், சாயங்காலம் ஏழு மணி வாக்கில் இன்னோர் ஏற்றம். மற்ற வீடுகளில் அது இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஏற்றம் இன்னும் உயரமாக, இன்னும் நீளமாக இருந்தது. அதைப் பார்த்து, வெள்ளிக்கிழமை இவர்கள் நிறையச் சமைக்கிறார்கள் போலிருக்கிறது என்று குறிப்பு எழுதினேன். தமிழன்தான் எழுதினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு என் வீட்டில் என்ன நடக்கிறது என்று என் தலைக்கு எட்டவில்லை. பேராசிரியருக்கு இந்த ஏற்றம் புதுமையாக இருந்தது. குடியிருப்பாளர்களின் சமையல் பழக்கத்தால் வீட்டுக்குள் சூடு கூடுகிறது என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார். அந்த நேரத்தில் உன் அம்மா, பிள்ளைப்பேறு பார்க்கச் சித்தியவானில் உன் சித்தி வீட்டில் இருந்தாள். போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வீட்டுக்காரங்ககிட்ட காட்டிட்டீங்களா?" காட்டிவிடுகிறேன் என்றேன். காட்டவில்லை. மன்றத்தில் கேட்ட நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று அனுப்பிவிட்டேன்.

அவள் திரும்பி வந்த வாரம் மன்றத்தின் பதில் வந்தது. மரியாதையான கடிதம்தான். ஆய்வுக்கு நன்றி. வெப்பத்துக்குச் சமையல் பழக்கம் ஒரு காரணம் என்று தெரிவதால் கூரைப் பூச்சு இப்போதைக்கு இல்லை, சன்னலைத் திறந்துவைத்துச் சமைப்பது பற்றி விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தலாம் என்று எழுதியிருந்தார்கள். உன் அம்மா அதை இரண்டு முறை படித்தாள். "சமையலா?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கும் லிஃப்ட் ரோசாக். ஐந்து மாடியும் நடந்துதான் ஏறினோம்.

மாரியக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். கதவைத் திறந்ததும் முகத்தில் சூடு அடித்தது. "உள்ள வராத தேவி, வெந்துருவ. இங்கயே ஒக்காரு" என்று நடைபாதையில் ஸ்டூல் போட்டார். உன் அம்மா கேட்காமல் உள்ளே போனாள். "பெட்டிய எங்கக்கா வச்சிருந்தீங்க?" என்றாள். மாரியக்கா பெருமையாகக் கையை நீட்டினார். சாமி மேடை. முருகன் படத்துக்கும் விளக்குக்கும் நடுவில், நான் எடுத்துக்கொண்டுபோன பெட்டி இருந்த இடம் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சதுரமாகத் தெரிந்தது. விளக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. பெட்டி ஏன் இத்தனை பிசுக்காக இருக்கிறது, ஓரத்தில் ஏன் சிவப்புக் கறை என்று அதைத் துடைத்துத் துடைத்து நான் யோசித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது குங்குமம்.

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, யாரு கையும் படாத எடமுன்னு? இந்த வீட்ல எம் பேரப்புள்ளைங்க ஏறாத எடம் அது ஒண்ணுதான்! தெனம் பூ வச்சேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் காட்டுனேன். நல்ல காரியத்துக்கு வந்த சாமானாச்சே."

பக்கத்து வீட்டிலும் அதுதான், எதிர் வீட்டிலும் அதுதான். படி இறங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாமி மேடைல போயி வச்சிருக்காங்க பாரு, என்னா ஆளுங்க" என்றேன். உன் அம்மா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நம்ம வீட்ல சோதனைக்கு ஒண்ணு வச்சிருக்கீங்களே, அது எங்க இருக்கு?" நான் யோசித்தேன். ப்ரிட்ஜின் மேலே, மோட்டார் சூட்டில் இருந்தது. "படிச்ச மாப்பிள்ளைக்கு ப்ரிட்ஜ் தல, அவங்களுக்கு சாமி மேடை. ரெண்டுல எது பெரிய கூத்துன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது, தினேஷ். முதலில் நடந்தது சோம்பேறித்தனம். இரண்டாவது அப்படியில்லை. மறுநாள் காலை அவள் அலுவலகம் வருவதற்கு முன்னால் போய், காலை ஆறு மணியும் சாயங்காலம் ஏழு மணியும் வரும் பகுதிகளை எல்லா வீட்டுக் கணக்கிலிருந்தும் அழித்துவிட்டேன். வரைபடம் அழகாக வந்தது. மேல்மாடி சூடு, கீழ்மாடி அதைவிடக் குறைவு, ஒப்பிடுவதற்காக எதிர்த் தாமானில் வைத்த பெட்டிகளில் இன்னும் குறைவு. நாங்கள் நிரூபிக்க நினைத்தது அப்படியே இருந்தது. திருத்திய அறிக்கை என்று அனுப்பினால் கூரைப் பூச்சு இந்த வருஷமே கிடைத்துவிடும், யாருக்கும் நஷ்டம் இல்லை, என் பெயரும் கெடாது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் வந்து திரையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"எங்க போச்சு அந்த ஏத்தமெல்லாம்?"

"எடுத்துட்டேன். வெளக்கு சூடுதானே அது."

"மத்த நேரத்துல இருக்கிறது மட்டும் வெளக்கு சூடு இல்லன்னு உங்களுக்கு எப்படி தெரியும்? மேடை பலகை சூடேறிக் கெடக்கும். அணையா வெளக்கு வச்சவங்க இருப்பாங்க. எந்த வீட்ல எவ்ளோ நேரம் எரிஞ்சுச்சுன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அது எனக்கும் தெரியும். என் தொழில் பாடத்திலேயே முதல் வாரம் சொல்லிக்கொடுப்பது அது. தப்பான இடத்தில் வைத்த கருவியின் எண்ணைக் கத்தரித்துச் சரியாக்க முடியாது. ஆனாலும் வாதாடினேன். திரும்ப அளப்பதென்றால் அடுத்த வெயில் காலம்வரை காத்திருக்க வேண்டும், அந்த மக்கள் இன்னொரு வருஷம் வேக வேண்டுமா என்று கேட்டேன். அது நியாயமான கேள்விதான். என் பயத்தை அதற்குப் பின்னால் ஒளித்துவைத்துக் கேட்டேன், அதுதான் தப்பு. பேராசிரியரும் இது சின்ன விஷயம், அடுத்த வெளியீட்டில் ஓரமாக ஒரு குறிப்பு போட்டுவிடலாம் என்றார். உன் அம்மா இருவரிடமும் சண்டை போடவில்லை. "வேகப் போறது அவங்க. கத்தரிக்கிறதா, திரும்ப அளக்கிறதான்னு அவங்களே சொல்லட்டும். ஆனா நடந்தத நீங்கதான் அவங்ககிட்ட சொல்லணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நிற்பதுபோல வயசானவர்கள் வரிசையாக நின்றார்கள். உன் அம்மா ஓரமாக உட்கார்ந்துகொண்டாள், எனக்கு உதவிக்கு வரவில்லை. பெட்டியை நான் வந்து பொருத்தியிருக்க வேண்டும், வரவில்லை, உங்களிடம் காட்டாமல் அறிக்கையை அனுப்பினேன், அதனால் உங்கள் சமையலைக் காரணம் சொல்லிப் பூச்சை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னேன். லாரி ஓட்டும் பாலா அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப மூணு வாரமா சாமிக்கு காய்ச்சலான்னு பாத்தீங்களா?"

மண்டபமே சிரித்தது. தன்னுடைய பெட்டி டிவி மேல் இருந்தது என்று இரண்டாம் மாடி மாக்சிக், வயதான மலாய் அம்மா ஒருவர், மலாயில் சத்தம் போட்டார். "அப்ப டிவிக்கும் காய்ச்சலு!" என்றார் பாலா அண்ணன். சிரிக்காமல் நின்றவர் மாரியக்கா ஒருவர்தான்.

"இருங்க, இருங்க. சமைக்கிறதால சூடுன்னா எழுதுனீங்க?" குரல் கூரையைத் தொட்டது. "இந்த பனாஸ் வெயில்ல எவ அடுப்பு பத்த வைப்பா? வெயில் காலம் வந்தா எங்க வீட்ல ராத்திரி சோறு தாப்பாவ்தான்! அடுப்படியில நிக்க முடியலன்னுதான் கடையில வாங்கித் திங்கிறோம், நீங்க சமைச்சு சூடாக்குறோம்னு எழுதிட்டீங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல தம்பி? அஞ்சு மாடி ஏற காலு வலிச்சா கீழருந்து கத்தியாவது கேட்டிருக்கலாம்ல?"

நான் தலையைக் குனிந்து நின்றேன். "தப்புக்கா" என்றேன். பிறகு உன் அம்மா எழுந்து இரண்டு வழியையும் எடுத்துச் சொன்னாள். கத்தரித்துக் கொடுத்தால் இந்த வருஷம் கிடைக்கலாம். திரும்ப அளந்தால் ஒரு வெயில் காலம் தள்ளிப்போகும், அப்போதும் கிடைக்கும் என்று அவளால் உறுதி சொல்ல முடியாது. அவள் எதையும் பூசி மெழுகவில்லை. "கத்திரிங்க லா, யாருக்கு தெரியப்போவுது" என்று பின்னாலிருந்து இரண்டு மூன்று குரல் வந்தது. நியாயம்தான். வேகிறவர்களுக்கு என் எண்ணின் சுத்தம் எதற்கு? அவர்களை அடக்கியதும் மாரியக்காதான். "இப்பவே நமக்கு சன்னல தொறக்கத் தெரியலன்னு எழுதி வச்சிருக்காங்க. நாளைக்கு எவனாச்சும் கண்டுபுடிச்சா, பொய் சொல்லி பூச்சு வாங்குனாளுங்கன்னு எழுதுவான். அது வேணாம். இத்தன வருசம் வெந்தாச்சு, இன்னும் ஒரு வருசம். ஆனா இந்த வாட்டி இந்தத் தம்பி மேல ஏறி வரணும். அத்தன வீட்டுக்கும்."

ஏறினேன். அடுத்த வெயில் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் உள் சுவரில், தலை உயரத்தில், விளக்கும் சன்னலும் டிவியும் இல்லாத இடமாகப் பார்த்து என் கையாலேயே பொருத்தினேன். அதற்குள் பழைய அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம் என்று உன் அம்மா மன்றத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள். காரணத்தை மறைக்காமல், முழுக்க எழுதியிருந்தாள். பேராசிரியர் அதில் கையெழுத்துப் போட ஒரு மாதம் எடுத்துக்கொண்டார், ஆனால் போட்டார். வீட்டுக்காரர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, எந்த நேரம் உள்ளே இருக்க முடியவில்லை, எந்த நேரம் பாயைத் தூக்கினோம் என்று எழுதச் சொன்னாள். கருவிக்குத் தெரியாதது அதில் வந்தது. நான் அளந்ததும் அவர்கள் எழுதியதும் பக்கம் பக்கமாக ஒத்துப்போனதைப் பார்த்தபோது எனக்கு இந்த வேலையே முதல் தடவையாகப் புரிந்தது.

அந்த வெயில் காலம் முடியும்போது அவளுக்கு உடம்பு முடியாமல் போனது உனக்குத் தெரியும். ரத்தத்தில் வந்த நோய் ஏழு வாரத்தில் அவளைக் கொண்டுபோய்விட்டது. முடிவை ஒரே பக்கத்தில் எழுதும் வேலை பாதியில் நின்றது. அவள் காரியம் முடிந்து நீ பினாங்குக்குத் திரும்பிய வாரம், மீதிப் பாதியை நானே எழுதி எடுத்துக்கொண்டு படியேறினேன். எனக்கு அவளைப்போல வராது. கருவியோடு வரும் கையேட்டைப்போல நின்று வாசித்தேன். மாரியக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, "தேவி சொல்ற மாதிரி இல்ல. ஆனா வெளங்குது லா" என்றார். துக்கம் விசாரிக்கிற பேச்சு எதுவும் பேசவில்லை. எல்லா வீட்டுக்கும் காட்டி முடிக்க ஒரு வாரம் ஆனது. மன்றத்துக்கு அந்தத் தாளோடு நான் தனியாகப் போகவில்லை. மாரியக்கா, பாலா அண்ணன், இரண்டாம் மாடி மாக்சிக் மூவரும் நோட்டுப் புத்தகங்களோடு வந்தார்கள். பேசியது அவர்கள்தான். வரைபடத்தை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. போன தடவை என்ன தப்பு நடந்தது என்று ஓர் அதிகாரி கேட்டார், நான் சொன்னேன். அவர் கொஞ்சம் சிரித்தார், குறித்துக்கொண்டார். ஒரு பிளாக்குக்கு, மாரியக்கா இருக்கும் பிளாக்குக்கு, முதலில் அடித்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. மற்ற பிளாக்குகள் இன்னும் காத்திருக்கின்றன. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றுதான் கிடைத்தது.

உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்தி இதில் என்ன என்று பிரித்துப் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. அங்கே உன்னோடு கருவி பொருத்த ஒருவன் வருவான், என்னைப்போல. அவன் படியேறினானா என்று கேள். அழகான வரைபடத்தைக் கொண்டுவந்தால் எதைக் கத்தரித்தான் என்று கேள். அவனைத் திட்டாதே, கூட நட. உன்னாலேயே ஒரு தப்பு நடக்கும், நடக்காமல் இருக்காது. அன்றைக்கு உன் மேலதிகாரிக்கு முன்னால், பத்திரிகைக்கு முன்னால், அந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிவிடு. அவர்கள் கிண்டல் செய்வார்கள். தாங்கிக்கொள். கிண்டல் செய்யும் வரைக்கும் அவர்கள் உன்னைக் கைவிட்டுவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்லி முடித்துவிடுகிறேன். பூச்சு அடித்து இரண்டு மாதம் ஆகிறது, வெயில் காலமும் திரும்ப வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மாரியக்கா போன் பண்ணி, "சோறு ஆக்கியிருக்கேன், வாங்க" என்றார். போனேன். மத்தியானம், ஐந்தாம் மாடி, அவர் அடுப்படியில் நின்று கோழிக் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தார். குளுகுளு என்றெல்லாம் இல்லை, சூடுதான். ஆனால் ஒரு மனிதன் இருக்கக்கூடிய சூடு. நடைபாதையில் ஒரு பாயும் இல்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்து, ஐந்து நிமிஷம் முதுகை நீட்டலாம் என்று அங்கேயே சிமெண்ட் தரையில் படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. இந்த வருஷம் முழுக்க நான் அப்படித் தூங்கியதில்லை. யாரோ தலைக்குத் தலையணை வைத்திருக்கிறார்கள், டிவி சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் என்னைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள், எதுவும் தெரியவில்லை. கண் விழித்தபோது, எங்கே இருக்கிறோம் என்று புரிவதற்கு முன்னால், "தேவி, மணி என்னா?" என்று கேட்டுவிட்டேன்.

அடுப்படியிலிருந்து மாரியக்கா சொன்னார், "மூணரையாச்சு தம்பி. இன்னும் கொஞ்ச நேரம் படுங்க. இப்பல்லாம் இங்க படுக்கலாம்."

படுத்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் பக்கவாட்டில் இறங்கி காதுக்குள் போனது. துடைக்கவில்லை. நன்றாக இருந்தது.

இதை அறிக்கையில் எங்கே, எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ போய்க் கற்றுக்கொள். கற்றுக்கொண்டு எனக்கும் சொல்.

உன் அப்பா